பதினாறு கூறும் ஒரு தலையும்

கருங்காலிப்பட்டியில் பிச்சபிள்ளை அந்தக் கடமானைச் சுட்டது ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையின் இந்தப் பக்கம் வெயில் விழ ஆரம்பித்த நேரத்தில். மத்தியானத்துக்குள் ஆட்கள் அதை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்து, தோலை உரித்து, தேக்கிலைகளில் பதினாறு கூறாகப் போட்டு, சீட்டுக் குலுக்கி, பதினாறு வீடுகளுக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆனால் மான் சாகவில்லை.

இது முதலில் தெரிந்தது பிச்சபிள்ளையின் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு. சுட்டவன் வீட்டுக்குத் தலையும் தோலும் என்பது அந்த ஊர் வழக்கம். தலையைத் துணிதுவைக்கிற கல்லின் மேல் வைத்து ரத்தம் போக அவள் தண்ணீர் ஊற்றினபோது, அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது, காதில் உட்கார வந்த ஈயை விரட்டக் காதை ஆட்டிக்கொண்டது. கொம்பில்லாத பெட்டை மான், பெரிய கண். அம்மாக்கண்ணு சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு பிடி அருகம்புல் அறுத்துவந்து வாயருகே வைத்தாள். அது மெல்ல ஆரம்பித்தது.

அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். அடுப்பில் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குவாள், தேள் கொட்டினால் உதறிவிட்டு வேலையைப் பார்ப்பாள், குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பிச்சபிள்ளைதான் சொல்லவேண்டும், அவனும் சொல்வதில்லை. ஒரே மகளைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று ஊர் விட்டுவிட்டது.

மற்ற வீடுகளில் பொழுது சாய்வதற்குள் தெரிந்துபோயிற்று. கருங்காலிப்பட்டி காட்டுக்கறியைத் தின்றே வளர்ந்த ஊர்; இடுப்பு வலிக்கு உடும்பு, இளைப்புக்கு முள்ளம்பன்றி, பிள்ளை பெற்றவளுக்குக் கவுதாரி, விருந்தாளிக்கு முயல் என்று எந்தக் கறியை எதற்கு, எந்த விறகில் எவ்வளவு நேரம் வேகவைக்கவேண்டும் என்பது அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் அன்று தண்ணீர் கொதித்து வற்றியது, மறுபடி ஊற்றிய தண்ணீரும் வற்றியது, கறி மட்டும் போட்டபோது இருந்த சிவப்பிலேயே, போட்டபோது இருந்த சூட்டிலேயே சட்டிக்குள் கிடந்தது. பப்பாளிக்காய் போட்டுப் பார்த்தார்கள். புளிய விறகு வைத்துப் பார்த்தார்கள். குக்கர் வைத்திருந்தவர்கள் இருபது விசில் விட்டுப் பார்த்தார்கள். உப்புக்கண்டம் போடலாம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மஞ்சளும் உப்பும் தடவிக் கம்பியில் கோத்து வெயிலில் தொங்கவிட்டபோது, ஈ உட்கார்ந்த இடமெல்லாம் அந்தத் துண்டுகள், மாட்டின் முதுகுத்தோல் சிலிர்ப்பதைப் போலச் சிலிர்த்துக்கொண்டன. அழுகவும் இல்லை. நாய்கள் முகர்ந்துவிட்டு வாலை இடுக்கிக்கொண்டு போயின.

முதல் வாரம் பயம் இருந்தது. கருப்பசாமி கோயிலில் சூடம் ஏற்றினார்கள். இரண்டாவது வாரம் பேச்சு இருந்தது. மூன்றாவது வாரம் நாற்று நடவு வந்துவிட்டது, நடவு வந்துவிட்டால் கருங்காலிப்பட்டியில் யாருக்கும் எதையும் யோசிக்க நேரம் கிடையாது, அதனால் கறிச்சட்டிகளை மூடி உறியிலோ மூலையிலோ வைத்துவிட்டு எல்லோரும் வயலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது சட்டிகள் வீட்டுச் சாமான்களோடு சாமானாகியிருந்தன.

அதற்குப் பிறகு அவை உதவ ஆரம்பித்தன. முன்தொடை கிடைத்த வீட்டில் மழைக்கு இரண்டு நாழிகை முன்னால் சட்டி நடுங்கும், தெருவில் கடலைக்காயைக் காயப்போடுகிறவர்கள் அந்த வீட்டு வாசலில் நின்று, “உங்க தொடை என்னா சொல்லுது?” என்று கேட்டுவிட்டுத்தான் பாயை விரித்தார்கள். மலையிலிருந்து சிறுத்தை இறங்கி வந்த நாளில் பதினாறு வீட்டிலும் ஒரே நேரத்தில் கறி இறுகிக் கல்லாகிவிட, பெண்கள் ஆடுகளை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்தினார்கள். நெஞ்சுக்குலை போனது சுகந்தி என்ற இளம் தாய் வீட்டுக்கு. அவளுடைய நாலு மாதக் குழந்தை பிறந்ததிலிருந்து வயிற்றுவலியில் கத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் சலித்துப்போய் அதைச் சட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினாள், இதயம் அடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி குழந்தை தூங்கிவிட்டது. பிறகு தினமும் அங்கேதான் தூங்கியது.

சங்கடம் வந்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அது ராசாங்கத்தின் வீடு. அவனுக்கு விழுந்த கூறு குடல். ஆவணி மாதம் ஒரு காலையில் அவன் அம்மாக்கண்ணுவின் வாசலில் வந்து நின்றான்.

“மதினி, நீங்க அதுக்குப் புல்லு போடறீங்களாமே.”

“பசிக்காதா?” என்றாள் அம்மாக்கண்ணு.

“இங்க திங்கிறதெல்லாம் அங்கதான வருது. தினம் நாலு கூடை புழுக்கை அள்ளுறா எம் பொண்டாட்டி. சட்டி நெறஞ்சு அண்டாவுக்கு மாத்தியாச்சு.”

“எருவுக்கு ஆகாதா?”

ராசாங்கம் யோசித்தான். “ஆவும்” என்றான். “இருந்தாலும் சொல்லணுமில்ல. கொஞ்சமாப் போடுங்க.”

அந்த வருடம் ராசாங்கத்தின் கத்திரிச்செடிகள் தோள் உயரத்துக்கு வளர்ந்தன, அதற்குப் பிறகு அவன் குறை சொல்ல வரவில்லை.

யாரோ சொல்லித்தான் வனக்காப்பாளர் திரவியம் புரட்டாசியில் வந்தார். காக்கிச் சட்டை, கக்கத்தில் நோட்டு. பதினாறு வீட்டுக்கும் போய் மூடியைத் திறந்து பார்த்தார்; ஒவ்வொரு வீட்டிலும் விரல் வைத்து நாடி பார்த்தார். கடைசியாகப் பிச்சபிள்ளை வீட்டுக்கு வந்தபோது தலை அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது. பிச்சபிள்ளை மாட்டுக்கொட்டகையில் கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ஆடியிலிருந்தே அவன் அங்கேதான் கிடந்தான், வேலைக்குப் போகவில்லை, துப்பாக்கியைத் தொடவில்லை, எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

“நீதான சுட்டே?” என்றார் திரவியம்.

“ஆமாங்க.”

திரவியம் நோட்டைத் திறந்து, கொல்லப்பட்ட விலங்கு என்று எழுதி, தலையைப் பார்த்து, அதை அடித்தார். “கொன்னதுன்னு எழுத முடியாது. உசிரோட புடிச்சு வச்சிருக்காங்கன்னு எழுதலாம். ஆனா எந்த வீட்டுலன்னு எழுதறது?” அவர் யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து நாலு தாள் கிழித்தார். போகும்போது அம்மாக்கண்ணுவிடம், “வெயிலடிக்குது, தண்ணி காட்டும்மா அதுக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

இப்படியே ஐப்பசி வந்தது. அந்த மாதம் ஒருநாள், விலா எலும்புக் கூறு வைத்திருந்த வீட்டில் சட்டியை எலி உருட்டுகிறது என்று கறியை இரும்புக்கொக்கியில் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டார்கள். கொக்கி ஏறிய நேரத்தில் அம்மாக்கண்ணு தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை ஒருமுறை துள்ளியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, ஏனென்றால் தொண்டையும் நுரையீரலும் வேறு வேறு வீடுகளில் இருந்தன. கண்ணிலிருந்து நீர் வந்து மூக்கோரம் இறங்கியது.

அம்மாக்கண்ணு எழுந்து வீடு வீடாகப் போய் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு, விலா வீட்டைக் கண்டுபிடித்து, கொக்கியைக் கழற்றவைத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து தலையைப் பார்த்தாள். வேகவைத்தது, வெயிலில் கட்டியது, உப்புத் தடவியது, குக்கரில் வைத்தது எல்லாமே இதற்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்று அப்போது அவளுக்குப் பட்டது. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தாள், எழுந்தாள், பரணிலிருந்து கோணி ஊசியையும் சணல் நூல்கண்டையும் எடுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் கூறுகளைத் திருப்பிக் கேட்கப் போனாள். தருவதற்கு யாருக்கும் மனமில்லை. முன்தொடை வீட்டுக்காரர்கள், கடலை இன்னும் காயவேண்டியிருக்கிறது, தை கழியட்டும் என்றார்கள். ராசாங்கம் தோட்டத்தைக் காட்டினான். “நாங்க என்ன களவாண்டா வச்சிருக்கோம்? சீட்டு விழுந்து வந்தது” என்றாள் ஒருத்தி. அம்மாக்கண்ணு யாரோடும் வாதாடவில்லை. ஒவ்வொரு வாசலிலும், “அதுக்கு வலிக்குது” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளேயிருந்து சட்டி வந்தது.

சுகந்தி மட்டும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு அழுதாள். “அத்தை, புள்ள தூங்காது அத்தை. அந்தச் சத்தம் இல்லாட்டி தூங்காது.”

“உன் நெஞ்சுல போட்டுப் பாத்தியா?”

“எல்லாம் பாத்தாச்சு.”

அம்மாக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை தூங்கி எழும்வரை உட்கார்ந்திருந்தாள். எழுந்த பிறகு சுகந்தியே சட்டியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்தி, கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

முற்றத்தில் பாயை விரித்து அம்மாக்கண்ணு தைக்க ஆரம்பித்தாள். எந்தத் துண்டு எங்கே என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாயில் கொட்டிய உடனே அவை ஒன்றையொன்று தேடி நகர்ந்து, எலும்போடு எலும்பும் சதையோடு சதையும் போய்ப் பொருந்திக்கொண்டன, பிரிந்துவிடாமல் பிடித்துத் தையல் போடுவது மட்டும்தான் அவள் வேலையாக இருந்தது. பதினாறு வீட்டுப் பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள், ஒருத்தி ஈ ஓட்டினாள்.

மகளை மில்லிலிருந்து கொண்டுவந்தபோது அவளும் தைக்கப்பட்டுத்தான் வந்தாள். திருமணத்துக்கு நகை சேரும் என்று மூன்று வருட ஒப்பந்தத்தில் நூல் மில்லுக்குப் போன பத்தொன்பது வயதுப் பெண். காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். குளிப்பாட்டும்போது அம்மாக்கண்ணு துணியை விலக்கினாள். கழுத்திலிருந்து தொப்புளுக்குக் கீழேவரை, நெல்மூட்டையின் வாயைத் தைக்கிற மாதிரி, விரல்கடை விரல்கடையாக ஓடியிருந்தது தையல். அவ்வளவு அவசரமாக யார் தைத்தார்கள் என்றுதான் அவள் அன்றைக்கு நினைத்தாள், வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அதற்குப் பிறகுதான் அவளுக்கு எதுவும் உறைக்காமல் போனது. இப்போது அவள் நெருக்கமாகத் தைத்தாள். நெல்மணி நுழையாத அளவுக்கு நெருக்கமாக, இழுத்தால் வலிக்காத அளவுக்குத் தளர்வாக, அன்றைக்கும் மறுநாளைக்கும் அதற்கு மறுநாளைக்கும், கை வீங்கியது தெரியாமல் தைத்தாள். கடைசியில் சுவரிலிருந்து தோலை இறக்கி, தண்ணீரில் ஊறவைத்து, மேலே போர்த்தி மூட்டினாள்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு மான் எழுந்து நின்றது. உடம்பெல்லாம் சணல் வரி ஓடியது. ஒரு தடவை உதறிக்கொண்டு, கூடியிருந்தவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலையைப் பார்க்காமல், நேராக மாட்டுக்கொட்டகைக்குள் போனது. கட்டிலில் கிடந்த பிச்சபிள்ளையின் வயிற்றில் மூக்கை வைத்து அப்படியே நின்றது.

“அது ஏன் அங்க போவுது?” என்று யாரோ கேட்டார்கள்.

பிச்சபிள்ளை மெல்ல எழுந்து உட்கார்ந்தான். மனைவியை மட்டும் பார்த்துச் சொன்னான். “ஒரு துண்டு என்கிட்ட இருக்கு.”

“எந்தத் துண்டு?”

“ஈரல்லேர்ந்து. விழுந்த எடத்துலயே, சூடு ஆறுறதுக்குள்ள ஒரு துண்டு அறுத்து வாயில போட்டேன். சுட்டவன் திங்கிறதுதான, எப்பவும் திங்கிறதுதான். அன்னைலேர்ந்து உள்ள துடிச்சிட்டே கெடக்கு. சாப்புட்டா தள்ளுது. படுத்தா மலைப் பக்கமா இழுக்குது.”

“ஏன் சொல்லல?”

“சொல்லி என்னா பண்ண?” அவன் மானின் நெற்றியில் கையை வைத்தான். “அந்த மில்லுத் தாள்ல நான்தான கையெழுத்துப் போட்டேன். அத நீ கேக்கவே இல்லியே. நீ கேட்டிருந்தா நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்.”

ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. மான் கொட்டகையை விட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்து, திரும்பிப் பார்த்து நின்றது. பிச்சபிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அதன் பின்னால் நடந்தான். இரண்டும் கடலைக்காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மலைச்சரிவில் ஏறி மறைவதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வேலைக்குப் போனார்கள்.

எட்டு நாள் அவன் வரவில்லை. யாரும் தேடிப்போகவும் இல்லை. “பிச்சபிள்ளை மான் மேய்க்கப் போயிருக்கான்” என்று கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். வீடுகளில் சட்டி இருந்த மூலை காலியாக இருந்தது, பெண்கள் பழக்கதோஷத்தில் அங்கே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். மழை சொல்லாமல் வந்து கடலையை நனைத்தது. சுகந்தியின் குழந்தை மூன்று நாள் கத்தியது, நாலாம் நாள் அதுவே தூங்கப் பழகிக்கொண்டது. அந்த எட்டு நாளும் கருங்காலிப்பட்டியில் எந்த அடுப்பிலும் கறி ஏறவில்லை. அப்படி யாரும் சொல்லிவைக்கவில்லை, ஆனாலும் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவன் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, கால் முழுக்க முள் கிழித்த கோடு. முற்றத்தில் உட்கார்ந்து, “கஞ்சி இருக்கா?” என்றான்.

அம்மாக்கண்ணு வட்டிலில் ஊற்றி வெங்காயத்தோடு வைத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். இன்னும் கேட்டான். ஊற்றினாள்.

“வெள்ளைப்பாறைக்கு மேல” என்று அவனாகவே சொன்னான். “ஏழு நாளும் நல்லா மேஞ்சுது. தண்ணி குடிச்சுது. நான் ஒக்காந்தா அதுவும் நின்னுரும். நேத்து பொழுது உச்சிக்கு வந்தப்ப வெயில் பாத்துப் படுத்துச்சு, எந்திரிக்கல. எனக்கு உள்ளயும் அப்பவே நின்னுபோச்சு. மண்ணு கல்லா இருந்துச்சு, கையாலதான் தோண்டினேன்.”

அவன் விரல் நகங்கள் பிய்ந்திருந்ததை அவள் பார்த்தாள்.

“வலிச்சுதா அதுக்கு?”

“இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன். காத ஆட்டுச்சு, கண்ண மூடுச்சு. வலிக்கல.”

அம்மாக்கண்ணு கஞ்சிச்சட்டியை மூடினாள். மூடியின் மேலேயே கையை வைத்திருந்தாள். சட்டி சூடாக இருந்தது.

“நம்ம புள்ளைக்கு?” என்றாள்.

பிச்சபிள்ளை வட்டிலைக் கீழே வைத்தான். இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. “தெரியலியே” என்றான். “தெரியலியே அம்மாக்கண்ணு. பக்கத்துல யாரு இருந்தாங்கன்னுகூடத் தெரியல.”

“போய்க் கேக்கலாம்.”

“யார?”

“அங்க இருக்கறவங்கள. கூட வேலை பாத்த புள்ளைங்க இருப்பாங்க. காய்ச்சல் எத்தன நாளா இருந்துச்சு, தண்ணி குடுத்தாங்களா, யாரையாவது கூப்பிட்டாளா, எல்லாம் கேக்கணும்.”

“ரெண்டு வருசம் கழிச்சு எவன் சொல்லுவான்?”

“நிக்கலாம்” என்றாள் அம்மாக்கண்ணு.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். பிச்சபிள்ளை வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். அவள் கையில் துணிப்பை, அதில் கட்டுச்சோறும் மகளுடைய புகைப்படமும். இரண்டு பஸ் மாறி மத்தியானம் மில்லுக்கு வந்துசேர்ந்தபோது ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையாக வெளியே வந்து, வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. இரும்புக் கேட்டுக்கு முன்னால், நிழலில்லாத இடத்தில், இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். போகச்சொன்னார்கள். நின்றார்கள். பெரியவர் யாரும் இல்லை என்றார்கள். நின்றார்கள். வெயில் அம்மாக்கண்ணுவின் உள்ளங்காலைச் சுட்டது. அவள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் காவலாளி கேட்டைக் கொஞ்சம் திறந்து, பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, யாரைப் பார்க்க வந்தீர்கள், பேர் என்ன என்று கேட்டான்.

“பி. சிலம்பரசி” என்றாள் அம்மாக்கண்ணு, மகளின் பேரைத் தகப்பன் பேரின் முதல் எழுத்தோடு சேர்த்து.